நெகட்டிவில் எல்லோருக்கும் நரைத்திருக்கும்

போட்டோத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, போன வாரம் உங்களில் ஒருவர் தான் செய்த கல்யாண ஆல்பம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டி, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அது பொய். மாப்பிள்ளைக்குக் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஆனால் கேட்டவரின் கண், குறை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியது. அந்தக் கண் எனக்குப் பழக்கம். முப்பது வயது வரைக்கும் நானே அந்தக் கண்ணோடுதான் அலைந்தேன்.

சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். படத்தில் முகக் குறைகளை மூடுகிற டச்சிங் வேலையை எப்படிச் செய்வது என்று எழுதப்போவதில்லை. பென்சில் சீவுவதிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். செய்து முடித்த படத்தை இன்னொருவர் கையில் வாங்கிப் பார்த்து, வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். முதலாளி அண்ணாச்சி படம் எடுப்பார். எனக்கு ஜன்னலோரம் சாய்வான கண்ணாடி மேசை. கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் வரும், மேலே நெகட்டிவை வைத்து, ஊசி முனை பென்சிலால் பருவையும் அம்மைத் தழும்பையும் ஒவ்வொரு புள்ளியாக மூடுவேன். பின்தெருவில் விசைத்தறிகள் காலையிலிருந்து தடதடவென்று ஓடும். கரண்ட் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்த அமைதியில் மேசை மேல் கிடக்கும் முகங்கள் காது கொடுத்துக் கேட்பதாகக்கூட எனக்குத் தோன்றியதுண்டு.

நெகட்டிவைக் கையில் பிடித்தே பார்த்திராத உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் வெளிச்சமெல்லாம் இருட்டு, இருட்டெல்லாம் வெளிச்சம். வெள்ளை வேட்டி கறுப்பாக இருக்கும், கறுத்த முடி வெள்ளையாக இருக்கும். இருபது வயது மணப்பெண்ணும் அதில் தலை நரைத்துத்தான் உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க நரைத்த தலைகளையே பார்த்துவிட்டுச் சாயங்காலம் தெருவில் இறங்கினால், ஊரில் எல்லோருக்கும் வயது குறைந்துவிட்டது மாதிரி இருக்கும். அந்த மயக்கம் வீடு போய்ச் சேர்வதற்குள் தெளிந்துவிடும்.

உள்ளறையில் இன்னொரு மேசை உண்டு. அதில் அண்ணாச்சியின் மனைவி. நாங்கள் எல்லோரும் மதினி என்போம். என்னைவிட இரண்டு வயது மூத்தவங்க, ஆனால் தொழிலில் எனக்கு இளையவங்க. பென்சில் பிடிக்க அவங்களுக்குக் காட்டிக்கொடுத்தவனே நான்தான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

மதினி ஒருநாளும் என் வேலையை நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை. முடித்து வைத்த பிரிண்டில் ஏதாவது சரியில்லை என்றால், வந்து அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவாங்க. அவ்வளவுதான். பேச்சே கிடையாது. எனக்கு உள்ளங்காலிலிருந்து எரியும். எதற்கு இந்த வேலை என்று ஒருமுறை கேட்டதற்கு, "நேரா வச்சா மூஞ்சி தெரியும் தம்பி. தலகீழா வச்சாத்தான் வேலை தெரியும்" என்றாங்க.

உண்மைதான் அது. ஆனால் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்தோம். மாநிறமான பிள்ளை, லட்சணமான முகம். நான் இரண்டு நாள் உட்கார்ந்து அவளை மாவில் புரட்டியெடுத்தது போல ஆக்கினேன். மதினி தலைகீழாக வைத்தாங்க. நான் நேராக்கி, கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார்.

"நல்லா எடுத்துக் குடுத்தீரு வே படம்! வந்தவுக பிள்ளையப் பாத்துட்டு, 'படத்துல உள்ள பொண்ணக் கூப்பிடுங்க'ங்காக. நான் எங்கன போயிக் கூப்பிட?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு நெடுநாள் என்னோடு மேசையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், பென்சிலைத் தொடாமல். மதினியிடம் மட்டும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறை சொன்னவர் சரி என்று தெரிந்தபின் அவரிடம் போய்ச் சொல்வதற்கு, குறையைக் கேட்டுக்கொள்வதைவிடப் பெரிய நெஞ்சு வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை.

இப்போது செல்லத்தாயியிடம் வருகிறேன்.

ஒரு சித்திரை மதியம், பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், வெயிலில் உழைத்த உடம்பு, அதற்கு மேலேயே மதிக்கலாம். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு சின்னப் படத்தை எடுத்தார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கூடாரம் போட்டு எடுப்பார்களே, அந்த மாதிரிப் படம். இருபத்துமூன்று வயது வாலிபன் ஒருவன் புதுச்சட்டையில் கண்ணை இமைக்காமல் நிற்கிறான். அவர் புருஷன். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது வயலில் பாம்பு கடித்து இறந்துபோனார். இருபது வருஷம் ஆகிவிட்டது. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம்.

"நான் மணவறை ஏறக்கூடாதுல்லா தம்பி" என்றார் செல்லத்தாயி. "தாரை வாக்கிறது அவுக அண்ணனும் அண்ணன் பொண்டாட்டியும்தான். ஊர் வழக்கம், அதுல நான் ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல. ஆனா அவுகளும் நானும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு படமாவது அங்கன இருக்கணும். ஒரு நாற்காலில வச்சுக்கிடுதோம். எம் பொண்ணு அதக் கும்பிட்டுக்கிடுவா. மாலை கீலை வரைஞ்சிராதீக. உசுரோட நிக்கிற மாதிரி இருக்கணும்."

அந்தச் சின்னப் படத்தைக் கேமராவில் நகலெடுத்து நெகட்டிவ் ஆக்கிக்கொண்டோம். அவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தோம். இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டுவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிக்கல் தெரிந்தது. புருஷனுக்கு இருபத்துமூன்று, பெண்டாட்டிக்கு நாற்பது. யாரையும் கேட்காமல் நானே ஒரு முடிவெடுத்தேன். செல்லத்தாயியை இருபது வயதாக்கிவிட்டேன். நெற்றிக் கோடு, கண்ணடிக் குழி, ஒட்டிய கன்னம் எல்லாவற்றையும் ஐந்து நாளில் பென்சிலால் துடைத்தேன். நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிகை. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஏலே, நீ கைகாரன்லா!" என்று முதுகில் தட்டினார்.

மறுநாள் வந்து பார்த்தால் படம் தலைகீழாக இருந்தது.

ஒரு மணி நேரம் லென்ஸ் வைத்துத் தேடினேன். ஒட்டு தெரியவில்லை. நிழல் விழுந்த பக்கம் சரி. கழுத்து நிறமும் சரி. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு முதல்முறையாக உள்ளறைக்குப் போய், "இதுல என்ன குத்தம் மதினி?" என்று கேட்டேன்.

"வேலையில குத்தமே இல்ல. தலகீழா வச்சும் எனக்கு ஒண்ணும் ஆம்புடல."

"பின்ன எதுக்கு வச்சீக?"

"மனசுக்கு என்னமோ பொருந்தல. அந்த அக்கா வந்து பாக்கட்டும். அவுக பாக்கும்போது நீ வாயத் தொறக்காம இரி."

செல்லத்தாயி வந்தார். படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி" என்றார். ஆனால் பையில் வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் இல்லை. தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒண்ணுமே நடக்கலையே."

எனக்குப் புரியவில்லை.

"இவ களையெடுக்கப் போகல. காய்ச்சல் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு நடக்கல. எம் பொண்ண இவளா வளத்தா தம்பி? மணவறைல இவள வச்சா, எம் பிள்ள யாரக் கும்பிடும்?"

மதினி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் ஐந்து நாள் வேலை போச்சே என்ற ஆத்திரம் வாயைத் திறக்க வைத்தது. "உங்க இப்பத்த மூஞ்சியையே வச்சா, பக்கத்துல நிக்கிறது புருசன்னு யாரு சொல்லுவா? மகன்னுதான் சொல்லுவாக."

சொல்லிவிட்டேன். எத்தனையோ நெகட்டிவில் எத்தனையோ தழும்பை மூடியிருக்கிறேன், அந்த வார்த்தையை மூட ஒரு பென்சிலும் கிடைக்கவில்லை. அவர் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், வேலை இருப்பதுபோல் அவர் புருஷனின் நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றது தெரியாது.

"தம்பி, இது அவுகளா?"

"ஆமா. நெகட்டிவ்."

"நரைச்சிருக்கே!"

நெகட்டிவ் என்றால் அப்படித்தான் இருக்கும், வெள்ளை கறுப்பாகும் என்று பாடம் எடுக்க வாயெடுத்தேன். உள்ளறை வாசலில் மதினி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் நின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வாலிபன் வெண்ணிறத் தலையோடும் மீசையோடும் நின்றான். செல்லத்தாயி நெகட்டிவின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார்.

"இப்படித்தான் இருப்பாக இப்ப" என்றார். "மீசைதான் முதல்ல நரைக்கும், அவுக அப்பாவுக்கு அப்படித்தான். நெத்தி ஏறியிருக்கும், அவுக அண்ணன் மாதிரி. எனக்கு மொத நரை விழுந்தன்னைக்கு, அவுகளுக்கும் ஒண்ணு விழுந்திருக்கும்னு நெனச்சேன் தம்பி. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிடுதது. நான் மட்டும் தனியா நரைக்கலேன்னு."

கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்த பிறகும் நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். இருபது வருஷமாக அந்த மனுஷி யாருக்கும் தெரியாமல் ஒரு படத்தை டச்சிங் செய்துகொண்டே வந்திருக்கிறார். நான் ஐந்து நாளில் அதை அழித்து வைத்திருக்கிறேன்.

அடுத்த நாலு மதியமும் அவர் பஸ் ஏறி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புருஷன் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதன் மேல் வேலை செய்தேன். பென்சில் பிடிக்கத் தெரியாத அந்த அக்காதான் சொன்னார், நான் செய்தேன். "மீசை போதும். தலைல இம்புட்டு வேண்டாம், காதோரம் மட்டும்." "கன்னம் ஒட்ட வேண்டாம் தம்பி, எங்கூட இருந்திருந்தா ஒட்ட விட்டிருக்க மாட்டேன்." எந்தக் குறைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாத ஒரு ஆள் தூரத்திலிருந்து வரப்பு மேல் நடந்து வருவது போலவும், ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது போலவும் இருந்தது. இன்றைக்கும் அந்த நாலு மதியத்தையும் நினைத்தால் நடந்ததா, கனவா என்று ஒரு கணம் தடுமாறுவேன்.

நாலாம் நாள், புருவத்தில் ஒரு முடியை வெளுத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தபோது, "போதும்" என்றார். "வந்துட்டாக."

கண்ணை மட்டும் நான் தொடவே இல்லை. கூடாரத்தில் இமைக்காமல் நின்ற அதே கண்.

செல்லத்தாயியின் முகத்தில் ஒரு கோட்டைக்கூட எடுக்கவில்லை. பொட்டு வைக்க மட்டும் தயங்கினேன். பந்தலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவரையே கேட்டேன். "அவுக பக்கத்துல நிக்காகல்லா? வையுங்க" என்றார்.

இருவரையும் சேர்த்து ஒட்டி, மறுபடி படமெடுத்துப் பெரிய பிரிண்ட் போட்டுச் சட்டம் போடக் கொடுத்தோம். வந்த சட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முட்டுக் கொடுக்கும் கால் இல்லை. சுவரில் மாட்டுகிற வளையம் மட்டும்தான். நாற்காலியில் வைக்கிற படத்துக்குக் கால் வேண்டாமா? திருப்பி அனுப்பக் கிளம்பினேன். "இருக்கட்டும் தம்பி, அனுப்பாண்டாம்" என்றாங்க மதினி. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தாயும் மகளும் வாங்க வந்தார்கள். மகள் படத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இது யாரும்மா?"

"அப்பாட்டீ."

"எங்கப்பா இப்படியா இருப்பாக? இது யாரோ கிழவன். எனக்கு வேண்டாம்."

செல்லத்தாயியின் முகம் செத்துப்போனது. நான் எப்படி அதை யோசிக்காமல் போனேன்? அம்மாவுக்கு அவர் கூடவே வயதான மனுஷன். மகளுக்கோ, பிளாஸ்டிக் தாளுக்குள் இருக்கிற வாலிபன்தான் அப்பா. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போன முகம் அது. நாலு நாள் உட்கார்ந்து அம்மாவைக் கேட்டவன், கும்பிடப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது பிரிண்டுக்கு நேரமும் இல்லை.

வழக்கமான நான் என்றால் என் வேலைக்கு வக்காலத்து வாங்கியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மதினி கவுன்டருக்கு வந்து படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாங்க. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாங்க. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: அந்த முகத்தில் என் வேலை படாத இடம் கண் மட்டும்தான். டார்க் ரூமில் வெளிச்சத்தை மறைக்க வைத்திருக்கும் கறுப்புக் காகிதத்தை எடுத்து வந்தேன். படத்தை நேராக்கி, அவர் முகத்தில் கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடினேன். சின்னப் படத்திலும் அதே போல் மூடி, பக்கத்தில் வைத்தேன்.

"பாரும்மா."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு ஜோடிக் கண், இரண்டும் ஒன்று. நான் பெரிய படத்திலிருந்து காகிதத்தை மெல்ல விலக்கினேன். முதலில் புருவம். பிறகு மூக்கு. கன்னம் வந்தது. காதோரம் வெளுத்தது. கடைசியாக மீசை. இருபது வருஷம் அவள் கண் முன்னால் அரை நிமிஷத்தில் போனது.

அந்தப் பெண் கண்ணாடி மேல் கையை வைத்தாள். "ஏம்ப்பா, இம்புட்டு நரைச்சிட்டியே?" என்றாள்.

எங்களிடம் இல்லை. படத்திடம் கேட்டாள். அப்புறம் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி கேமராவைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பத்திரிகை வைத்திருந்தார்கள், போனேன். பனவடலிசத்திரத்தில் வீட்டு முன்னால் பந்தல். மணவறைக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலி போட்டு அதில் படத்தைச் சாய்த்திருந்தார்கள். செல்லத்தாயி பந்தலின் கடைசிக் கம்புக்குப் பின்னால் நின்றார். வைகாசிக் காற்று. படம் ஒருதரம் வழுக்கிச் சரிந்தது. யாரோ நிமிர்த்தினார்கள். மறுபடி சரிந்தது. சட்டத்துக்குக் கால் இல்லையே, எப்படி நிற்கும்? அந்த நேரத்தில் மதினியைத் திட்டிக்கூட விட்டேன், மனசுக்குள்தான். மூன்றாவது தடவை கீழே விழப் போனதை மணப்பெண்ணின் பெரியப்பாதான் தாங்கிப் பிடித்தார். பிடித்துக்கொண்டே நிற்க அவரால் ஆகாது, தாரை வார்க்கக் கை வேண்டும்.

மணப்பெண் நிமிர்ந்து, பந்தல் கேட்கச் சொன்னாள். "எம்மா, நீ வந்து பிடி."

மேளம் வாசித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். வயசாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியப்பா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் முகத்தையே பார்த்தார். தன்னைப் போலவே நெற்றி ஏறிய தம்பி. பிறகு பந்தல் கடைசிக்குத் திரும்பி, "வா தாயி. படம் விழுந்துரப் போகுது" என்றார்.

செல்லத்தாயி நடந்து வந்து மணவறை ஏறினார். படத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மகள் எழுந்து வந்து காலில் விழுந்தாள். யார் காலில் விழுந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆல்பம் காட்டிய தம்பி, மாப்பிள்ளையின் கழுத்தைக் கவனியுங்கள். திரையில் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு பொண்ணு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், காட்டும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் நேராக உள்ளறைக்குப் போனேன். மதினி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாங்க. தலையைத் தூக்காமலேயே கேட்டாங்க.

"படம் நின்னுச்சா தம்பி?"

"இல்ல மதினி" என்றேன். "அந்த அக்காதான் நின்னாக."